கோயில் வாசலில் பழகிய ஆங்கிலம்

தேறியவர்களின் எண்களை அதிகாரி வாசித்து முடித்தார். சீனியர் அக்காவின் எண்ணும் இல்லை, என் எண்ணும் இல்லை. நெஞ்சில் கட்டியிருந்த எண் துணியை அவிழ்த்து மேசைமேல் போட்டேன். அக்கா தன் துணியின் சுருக்கத்தை நீவி, மடித்து வைத்துவிட்டு, "தேங்க் யூ சார்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம் அதுதான்.

காரைக்குடியில் நாங்கள் படித்த கல்லூரியின் தேசிய மாணவர் படையில் அவர் எனக்கு ஓராண்டு மூத்தவர். படையின் 'சி' சான்றிதழை நல்ல தரத்தில் பெற்ற பட்டதாரிகள் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். அப்படியொரு வழி இருப்பதையே அக்கா சொல்லித்தான் நான் அறிந்தேன். நான் பட்டம் முடித்ததும் இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்து, வடக்கே அத்தனை தூரம் ரயிலேறிப் போனோம். முதல் நாள் ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். பிறகு அதைப் பற்றிக் குழுவாகப் பேச வேண்டும்; இதில் தேறாதவர்களை அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்ற பெண்கள் மடை திறந்தாற்போல் பேசினார்கள். அக்கா மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டார். நான் அதுகூடச் செய்யவில்லை.

திரும்பும் ரயிலில் நான் அழுதுகொண்டே வந்தேன். அக்கா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கிப் பிரித்து வைத்தார். "கதை நல்லாத்தான் எழுதுனேன். வாய்தான் தெறக்கல. அது பழகுனா வந்துரும்டி."

எப்படிப் பழகுவார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அக்காவின் அப்பா இறந்த பின், அவர் அம்மா பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்றுத்தான் குடும்பத்தை நடத்தினார். அக்கா தினமும் அந்தக் கடையில் நிற்கத் தொடங்கினார். வடநாட்டுக்காரர்கள், செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் என்று யார் வந்தாலும் வலியப் போய்ப் பேசினார். செருப்பை எங்கே விடுவது என்பதில் தொடங்கி, பாறையைக் குடைந்து பிள்ளையாரைச் செதுக்கிய கதைவரை ஆங்கிலத்திலேயே சொன்னார். ஆரம்பத்தில் கேட்டவர்கள் சிரித்தார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "சாமி கும்பிட வந்தவுகள இப்படி நிப்பாட்டி வச்சுக்கிட்டு இருக்காளே தாயி, நீயாச்சும் சொல்லக் கூடாதா?" என்று அம்மா என்னிடம் அலுத்துக்கொள்வார்.

மறுமுறை விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது எனக்குத் துணிவில்லை. சொல்லவே கூச்சமாக இருந்தது. "எனக்கு வேணாம்க்கா. நான் பி.எட். சேரப் போறேன்." அக்கா ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "சரிடி. ஆனா காலையில நான் ஓடுறப்ப நேரம் பாத்துச் சொல்ல ஆள் வேணும்ல?" என்றார். அமராவதிபுதூர்ச் சாலையில் அவர் ஓட, நான் சைக்கிளில் பின்னால் போய் நேரம் சொன்னேன். மழை பெய்த நாளிலும் அவர் நிற்கவில்லை.

இந்த முறை ஐந்து நாளும் அவர் அங்கே இருந்தார். ஆங்கிலம் எங்கே கற்றீர்கள் என்று நேர்காணல் அதிகாரி கேட்டாராம். "கோயில் வாசல்லன்னு சொன்னேன்டி. அவர் சிரிச்சிட்டார். போன தடவை ஏன் பேசலைன்னு கேட்டார். பயந்துட்டேன் சார்னு உள்ளதச் சொல்லிட்டேன்" என்று போனில் சொன்னார். தேர்வாகிவிட்டார். ஆனால் பெண்களுக்கு இருந்த இடங்கள் கொஞ்சம்; தேர்வானவர்களிலும் தரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் பயிற்சி. தரவரிசைப் பட்டியல் வரும்வரை எங்களுக்கு நிலைகொள்ளவில்லை. அதிலும் அவர் பெயர் இருந்தது.

இன்று அவர் வடக்கே ஒரு முகாமில் கேப்டன். நான் காரைக்குடியில் ஆசிரியை. பின்வாங்கியவள் என்ற உறுத்தல் எனக்குள் ஆறாமல் போயிருக்கலாம். ஆறியதற்கு ஒரு நாள்தான் காரணம்.

சென்னையில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடிந்ததும், தோள்களில் நட்சத்திரம் பொருத்தப் பெற்றோரை அழைத்தார்கள். ஒரு தோளுக்கு அம்மா நின்றார். அப்பா நிற்க வேண்டிய பக்கத்துக்கு அக்கா என்னைக் கூப்பிட்டார். தயங்கினேன். "இங்குட்டு வாடி. எங்கூட ஓடுனவ நீதானே" என்றார். பொருத்தி முடித்த பிறகும் என் கை அவர் தோளிலேயே இருந்தது.

"கைய எடுடி, சல்யூட் அடிக்கணும்."

அம்மாவின் முன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பதிலுக்கு அம்மா கைகூப்பினார். "ரொம்ப நல்லா இருக்கீக தாயி" என்றார்.

"என்னம்மா, என்னையப் போயி மரியாதையா இருக்கீகங்குற?"

"ஒன்னையச் சொல்லலடி. அந்த உடுப்பச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.