டீசல் வாடை போகாத துணி

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு துணித்துண்டு இருக்கிறது. கைக்குட்டை அளவுதான். ஊதாக் கட்டம் போட்ட பெரியம்மாவின் நூல் சேலையிலிருந்து கிழித்தது. எத்தனை தடவை சோப்புப் போட்டு அலசினாலும் டீசல் வாடை போக மாட்டேன் என்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு பெரியப்பா ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் ஏற்றிவந்து ஊருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை டீசல் டேங்க் மூடி எங்கோ தொலைந்துபோனது. புது மூடி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று பெரியம்மா பழைய சேலையைக் கிழித்து அடைத்துக் கொடுத்தார். மூடி வந்தது. துணி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கந்தலைப் பற்றி யார் கேட்பார்கள்?

கொஞ்ச நாளில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாரத்தோடு போகும்போது திடீரென்று இழுவை போய்விடும். மிதிக்க மிதிக்க வேகம் ஏறாது. ஓரங்கட்டி அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஒர்க்‌ஷாப்பில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களிடம் அது ஒருநாளும் தன் குணத்தைக் காட்டவில்லை. ஃபில்டரை மாற்றினார்கள், பம்ப்பைப் பிரித்து மாட்டினார்கள். கடைசியில் மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "வண்டி நல்லாத்தான் ஓடுது. உங்க காலுதான் மிதிக்க மாட்டேங்குதுபோல" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஏனென்றால் பெரியப்பா அதை நம்பிவிட்டார். மில்லில் ஆயுசெல்லாம் நின்று நரம்பு புடைத்த கால் அது.

ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கடற்கரைச் சாலையில் வண்டி அப்படித் தளர்ந்தது. பின்னால் வந்த பஸ் உரசுகிற மாதிரிக் கடந்துபோனது. பெரியப்பா வண்டியைத் திட்டவில்லை. "சனியனே, மிதியேன்" என்று தன் தொடையை ஓங்கி ஓங்கி அறைந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா உங்கப்பனுக்கு என்னா பதில் சொல்லுவேன் பாப்பா?" என்றார். அன்று சாவியை ஆணியில் மாட்டியவர் மறுபடி எடுக்கவில்லை. வண்டியை விற்கவும் விடவில்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் காலுக்கு ஒன்றுமில்லை, நன்றாக நடங்கள் என்றுதான் சொன்னார்கள். அவர் நாற்காலியைவிட்டு எழுந்தால்தானே.

வருஷங்கள் கழித்துச் சென்ற மாதம்தான் வண்டியை விற்க ஒருவழியாகச் சம்மதித்தார். பழைய இரும்புக்காரர் வந்து டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது, அடியில் தங்கியிருந்த டீசலோடு, மூடிக்குப் பதிலாக அடைத்திருந்த அந்தத் துணி வந்து விழுந்தது. எப்போதோ உள்ளே நழுவி விழுந்தது, பாரம் இழுத்து ஓடும்போது டீசல் உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டு, அணைத்ததும் விட்டுவிட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். கட்டத்தைப் பார்த்ததுமே யார் சேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கைத்தடியைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார். வலது கால் இப்போது உண்மையாகவே நிற்கவில்லை. மறுபடி உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லா இருந்த காலயா பாப்பா அன்னிக்கு அப்புடி அடிச்சேன்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்று, பெரியம்மா வரும் அரவம் கேட்டது. பெரியப்பா அவசரமாக என் கையைத் தட்டினார்.

"அத மொதல்ல உள்ள வை. உன் பெரியம்மா வர்றா."

அன்று என் கைப்பைக்குள் போன துணிதான் இது.