மூன்று பேர் கண்ட பறவை

செசீலியாவைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் அவளுடைய குருவிகளைத்தான் எழுதுவார்கள். எனக்கு அந்தக் குருவிகள்மேல் இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தாறுமூலைப் பக்கம் கடலோடு சேரும் வாவியை ஒட்டி மிஷன்காரர் நடத்திய ஒரு பண்ணைப் பாடசாலையில் நாங்கள் இருவரும் ஆசிரியைகள். அவள் உயிரியல், நான் மனையியல். விடுதி வளவுக்குள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. அவள் புளியந்தீவுக் கத்தோலிக்கப் பிள்ளை, நான் மெதடிஸ்ற். அவள் வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் தொடமாட்டாள், நான் தொடுவேன். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய பிணக்கு இருக்கவில்லை, குருவி ஒன்றைத் தவிர. பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையைவிட மதிலில் இருந்த மீன்கொத்தியைத்தான் இவள் கூடநேரம் பார்த்தாள் என்று அவளுடைய தமக்கை சொல்லிச் சிரிப்பாள். அந்த மாப்பிள்ளை பிறகு வரவில்லை. இவளுக்கும் அதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் வந்த அடுத்த வருடமே சனிக்கிழமை நடை தொடங்கிவிட்டது. விடியற்காலையில் கிணற்றடியில் கூடுவோம். மாட்டுத் தொழுவம், தென்னந்தோட்டம், வாவிக்கரைக் கண்டல் பற்றை, பிறகு வயல்வெளி என்று வளவைச் சுற்றி வந்து தேத்தண்ணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் முடியும். பேசக் கூடாது, வெள்ளை உடுக்கக் கூடாது, செருமக் கூடாது. தடிமன் பிடித்த நாளில் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அது பெரிய நிம்மதி.

நடைக்கு வெளியாட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முகைதீன்பாவா. காத்தான்குடிக்காரர், ஏறாவூரில் பெண் எடுத்து அங்கேயே புடவைக்கடை வைத்திருந்தார். ஒருமுறை தொழுவத்துக்குப் பின்னால் தனியாக ஒரு பூநாரையைக் கண்டேன் என்று மூச்சிரைக்க ஓடிவந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே கொக்குத்தான் நின்றது. செசீலியா நம்பவில்லை. அவர் கோபித்துக்கொண்டு பல கிழமை வரவில்லை. பிறகு அவள்தான் ஏறாவூருக்குப் போய்ச் சமாதானம் பேசினாள். அன்றைக்குப் போட்டதுதான் மூன்று பேர் சட்டம். வளவில் புதிதாக ஒரு பறவை வந்தால் அதை மூன்று பேர் ஒன்றாகக் காண வேண்டும். மூவரும் ஓம் என்றால்தான் மண்டபத்துப் பலகையில் அதன் பெயர் ஏறும். செசீலியா கண்டாலும் அதே சட்டம்தான். அவள் தனியாகக் கண்டு, எழுதாமல் விட்ட பறவைகள் உண்டு. அந்த நாட்களில் ஒழுங்காகச் சாப்பிடமாட்டாள்.

என்னுடைய ஓமை அவள் அரை ஓமாகத்தான் எடுப்பாள். எதைக் காட்டினாலும் நான் கண்டேன் என்றுவிடுவேன், கெதியாகத் தேத்தண்ணிக்குப் போகலாம் என்ற ஆசையில். அவளுக்குப் பிடித்த சாட்சி தங்கராசா. பாடசாலைக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக். காணாததைக் கண்டேன் என்று சொல்லாத மனுசன். குறைந்த பேச்சு, அதிலும் பாதியைப் புன்னகையால் சமாளித்துவிடுவார். எழுபத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்குக் கலியாணம் ஆனது. பெண் பெயர் புஸ்பம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவரும் கடற்கரையோரம் இருந்த அவர்களுடைய ஊருக்குப் போய்விட்டார். சீதனமாகக் கொடுத்த வீடு முடிந்திருக்கவில்லை. கல்லுச்சுவர் எழும்பி நின்றது, கூரைக்குத் தற்காலிகமாகத் தென்னோலைக் கிடுகு போட்டிருந்தார்கள். வருகிற அறுவடைக்குப் பிறகு ஓடு போடுவதாக மாமனார் சொல்லியிருந்தார். கலியாணம் முடிந்த பிறகும் தங்கராசா ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. புதுப் பெண்சாதியை விடியற்காலையில் விட்டுவிட்டுக் கொக்குப் பார்க்க வருகிற ஆளை நான் இவரைத்தான் கண்டேன் என்று பகிடி பண்ணுவேன். அதற்கும் புன்னகைதான்.

அந்தக் கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை, செசீலியா வகுப்புக்குப் பிந்தி வந்தாள். சேலைக் கரையெல்லாம் சேறு. வாவிக்கரையில் ஒரு பறவையைக் கண்டுவிட்டாள். நடுக்கடலில் வாழ்கிற பெரிய கரும்பறவை, நீண்ட சிறகு, பிளந்த வால். ஆங்கிலத்தில் போர்க்கப்பலின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். படத்தில் மட்டும் பார்த்த பறவை தலைக்குமேல் வந்து சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. கண்டவள் அவள் ஒருத்திதான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை என்றாள். முகைதீன்பாவாவுக்குக் கடை நாள். மாணவிகளைக் கூட்டிப்போகத் தலைமை ஆசிரியை பெரியம்மா விடமாட்டார். நான் இருந்தேன். இன்னும் ஓர் ஆள் வேண்டும்.

தங்கராசா அன்றைக்கு அரைநாள் லீவு எடுத்திருந்தார். கந்தோரைப் பூட்டிவிட்டுக் குடையோடு படியிறங்கும்போது செசீலியா போய் மறித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வீட்ட அவ தனிய ரீச்சர்," என்றார் அவர். "மாமியாக்கள் வட்டைக்கு வயல் பாக்கப் போயிட்டாங்க. காத்தும் ஒரு மாதிரிக் கிடக்கு. செங்கலடியில அக்காட வீட்ட அவவக் கொண்டுபோய் விடோணும். வெளிக்கிட்டு இருக்கச் சொன்னனான்."

"அடுத்த பஸ்ஸில போகலாம் தங்கராசா," என்றாள் இவள். "கொஞ்ச நேரம் நில்லுங்க. நாளைக்கு இது இராது. நானும் இந்த ஜோசப்பினும் மட்டும் கண்டாக் காணாது, மூண்டு பேர் வேணும்."

அவர் றோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு குடையைக் கந்தோர்ச் சன்னல் கம்பியில் கொழுவிவிட்டு எங்களோடு வந்தார்.

போகிற வழியிலேயே செசீலியா பேசக் கூடாது என்ற சட்டத்தை மறந்து பாடம் நடத்தினாள். இந்தப் பறவை தானாகக் கரைக்கு வராதாம். கடலில் பெருங்காற்று எழும்பினால்தான் அது தள்ளுண்டு நிலத்துப் பக்கம் வருமாம். நானும் தங்கராசாவும் தலையை ஆட்டினோம். படித்த மூன்று பேர். பெருங்காற்று என்ற சொல்லை மூன்று பேரும் காதால் கேட்டோம். அந்தக் காற்று அடுத்ததாக எங்கே வரும் என்று ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை. மாடு மேய்க்கிறவனோ மீன் பிடிக்கிறவனோ அப்படி ஒரு பறவையைக் கண்டிருந்தால் அண்ணாந்து ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போயிருப்பான். குருவி பார்க்கிற நாங்கள்தான் அதற்காகக் காத்து நின்றோம்.

தென்னந்தோட்டத்துக்கு அப்பால் ஒரு மேட்டில் நின்றோம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வயல்வெளியைத் தாண்டி றோட்டு. வாவித் தண்ணீர் கலங்கி நுரைத்தது. தூறல் விட்டு விட்டு அடித்தது. நானும் செசீலியாவும் வாவியைப் பார்த்தபடி நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குக் கால் மரத்துப்போன அளவு நேரம். பிறகு அவை வந்தன. ஒன்றல்ல, ஒரு கூட்டம். சிறகை அடிக்கவேயில்லை, காற்றில் சும்மா சாய்ந்து சாய்ந்து வந்தன. குருவி பிடிக்காத நானே தேத்தண்ணியை மறந்தேன். செசீலியா அழுதாள். தங்கராசா வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார், மழைத்தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. கண்டீர்களா என்று அவள் கேட்க, ஓம் ரீச்சர் என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நாங்கள் வளவுக்குத் திரும்பியபோது காற்று எங்களைத் தள்ளத் தொடங்கிவிட்டது. பஸ் இல்லை. பாடசாலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கராசா புறப்பட்டார். சந்தியைத் தாண்ட முடியவில்லை. மரம் விழுந்து றோட்டு மூடிக் கிடக்க, சைக்கிளையும் அங்கேயே விட்டுவிட்டுத் தவழாத குறையாகத் திரும்பி வந்தார். நெல்லுக் களஞ்சியம் ஒன்றுதான் கொங்கிறீற் கட்டடம். மாணவிகளோடு எல்லாரையும் அதற்குள் அடைத்தார்கள். அந்தச் சூறாவளியைப் பற்றிப் போதிய அளவு எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை.

விடிந்ததும் தங்கராசா நடந்தே போனார். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. புஸ்பம் சுவருக்கு அடியில் கிடந்தாள். நல்ல சேலை உடுத்து, தலை வாரி, பக்கத்தில் உடுப்புப் பெட்டியும் கட்டி வைத்திருந்தாளாம். தூக்கினவர்கள் சொன்னது. அவர் வெளிக்கிட்டு இருக்கச் சொன்னபடியே இருந்திருக்கிறாள்.

எங்கள் வாவிக்கரையில் செத்த மாடுகளோடு அந்தக் கரும்பறவைகளும் ஒதுங்கிக் கிடந்தன. செசீலியா கிட்டப் போகவில்லை. சாப்பாட்டு மண்டபம் இருந்த இடத்தில் தரை மட்டும்தான் மிஞ்சியது.

பாடசாலையில் நடந்ததைப் பற்றி புஸ்பத்தின் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பஸ் வரவில்லை என்று தங்கராசா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்குக்கு நாங்கள் போனபோது புஸ்பத்தின் தாய் இலட்சுமிப்பிள்ளை செசீலியாவின் கையைப் பிடித்து அழுதாள். இவள் கல்லாக நின்றாள். திரும்பி வரும் வழியில், அவர் என்னைக் காப்பாற்றுகிறார் ஜோசப்பின், எனக்கு அது வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு உடம்பு கரையத் தொடங்கியது. சோறு இறங்காது. கோயிலுக்குப் போவாள், பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நிற்பாள், ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிடுவாள். சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டால் அது முடிந்துபோகும், அது முடியக் கூடாது என்பாள். அவள்மேல் எனக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. எது முன்னுக்கு வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, விடியும்போது கிணற்றடியில் யாரோ நிற்பது தெரிந்தது. தங்கராசா. சூறாவளிக்குப் பிறகு நடை இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நான் செசீலியாவை எழுப்பினேன். அவள் வந்தாள். மூவரும் பழைய வழியே நடந்தோம். மரமும் இல்லை, நிழலும் இல்லை. இரண்டு காகங்களும் ஓர் ஆட்காட்டிக் குருவியும்தான் கண்ணில் பட்டன. மேட்டடியில் செசீலியா நின்றாள். நான்தான் உங்களை மறித்தேன், உங்களுடைய மாமியிடம் போய் நானே சொல்கிறேன், இனிமேல் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்றாள்.

தங்கராசா றோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்காகச் சொல்லல்ல ரீச்சர்," என்றார். "பஸ் வந்தது. நாம இஞ்ச நிக்கக்குள்ளதான் வந்தது. குருவி இன்னும் வரல்ல. நீங்க ரெண்டு பேரும் வாவியப் பாத்துக்கொண்டு நிண்டீங்க. வயலால ஓடியிருந்தாப் பிடிச்சிருக்கலாம். நீங்க ஒண்டும் சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்." றோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "எனக்கும் பாக்க ஆசயாத்தான் இருந்தது," என்றார்.

செசீலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். மாமிக்குத் தெரிய வேண்டாம், மாமி தாங்கமாட்டா என்றார். புஸ்பம் போன பிறகும் அந்த வீட்டார் அவரைப் போகவிடவில்லை. விழுந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு, அந்தத் தாய்தான் அவருக்கு மூன்று நேரமும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் இலட்சுமிப்பிள்ளை பாடசாலைக்கு வந்தாள். சூறாவளி நிவாரணத்துக்கு ஏதோ கடிதம் எடுக்க மருமகனோடு வந்திருந்தாள். கந்தோர் வாசலில் செசீலியாவைக் கண்டதும் கிட்ட வந்தாள். பின்னால் தங்கராசா கையில் பையோடு நின்றார்.

"புள்ள, அண்டைக்கு பஸ் வரவே இல்லயா?" என்று கேட்டாள்.

காணாததைக் கண்டேன் என்று செசீலியா ஒருநாளும் சொன்னவள் அல்ல. கண்டதை இல்லை என்றும் சொன்னதில்லை. அவள் தங்கராசாவைப் பார்க்கவில்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபடியே, "இல்லம்மா, வரல்ல," என்றாள்.

இலட்சுமிப்பிள்ளை தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் கேட்டனான்," என்றாள். "பஸ் வந்திருந்தா இவன் எப்பிடியும் வந்திருப்பான். எண்ட புள்ளையில அவ்வளவு உசிர்."