கமருன்னிஸாவின் முள்ளுக்காடு

நெய்னா முகம்மது ஜித்தாவுக்குக் கடை வேலைக்குப் போன பிறகு, பேராவூரணிப் பக்கம் இருந்த அவருடைய வயலை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. கடைமடை நிலம், தண்ணீர் வந்தால்தான் விளைச்சல் உண்டு. குத்தகைக்காரரும் கைவிட்டுப் போக, சில வருடங்களில் வயல் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. மனைவி கமருன்னிஸாவுக்குப் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே பொழுது போனது.

பிள்ளைகள் தலையெடுத்ததும் அவளுக்கு வயல் நினைப்பு வந்தது. கணவரிடம் போனில் சொன்னாள். மிஷினை விட்டு மொத்தமாக வழித்துவிடச் சொன்னார் அவர்.

பொக்லைன் வந்த காலையில், அடுத்த வயல்காரி மங்களாம்பிகை வரப்பில் வந்து நின்றாள். வாய்க்கால் கரையில் நிற்பதில் சில நாட்டுக்கருவேல், அதை மட்டும் விட்டுவிடலாமே என்றாள். கமருன்னிஸாவுக்கு எல்லாம் ஒரே முள்ளாகத்தான் தெரிந்தது. மங்களாம்பிகை இரண்டின் காயையும் பறித்துக் கையில் கொடுத்தாள். சீமையின் காய் மஞ்சளாக, நீட்டமாக இருந்தது. நாட்டுக்கருவேலின் காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருந்தது. அப்புறம் சுலபமாகிவிட்டது. பழைய சேலையைக் கிழித்து, நாட்டு மரங்களுக்கெல்லாம் இருவரும் கட்டினார்கள். புதருக்குள் ஒரு நொச்சியும் இரண்டு பூவரசும்கூட வெளிச்சத்துக்கு ஏங்கி நின்றன; அவற்றுக்கும் கட்டினார்கள். துணி கட்டாததை மட்டும் டிரைவர் வேரோடு பெயர்த்துப்போட்டார்.

முதல் மழை பெய்தது. மண்ணில் கிடந்த சீமை விதையெல்லாம் கீரைப்பாத்தி போல முளைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் கமருன்னிஸா ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் கண் போனது. மங்களாம்பிகையின் வயலில் ஒரு முளைகூட இல்லை.

எப்படி என்று கேட்டாள். கமருன்னிஸாவின் வயலில் காயைத் தின்ற ஆடுகள் போட்ட புழுக்கையில் அங்கேயும் வருடா வருடம் முளைத்ததாம்; மழைக்கு மழை கையால் பிடுங்கினாளாம்.

"இத்தனை வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா."

"புள்ளைங்கள வச்சுக்கிட்டு நீ ஒத்தையா நின்னே. உங்கிட்ட வந்து முள்ள வெட்டுன்னு கேக்க மனசு வரல. சரி, ஈரம் காயறதுக்குள்ள பிடுங்கு. காஞ்சா வேரு பாதியில அறுந்து திரும்பத் துளுத்துரும்."

கமருன்னிஸா குனிந்து பிடுங்கத் தொடங்கினாள். மங்களாம்பிகையும் வரப்பைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு மழைக்கும் முளைத்தது. ஒவ்வொரு மழைக்கும் பிடுங்கினார்கள். வரவரக் குறைந்தது. பிறகு மங்களாம்பிகையின் கணவர் தியாகராசன் அந்த வயலையும் சேர்த்து உழுது சம்பா நட்டார். கரையில் பூவரசு குடையாக விரிந்தது. வாய்க்காலுக்கு மேல் சாய்ந்த கருவேலங்கிளையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. தொழுகைக்குப் பின் துஆ கேட்கும்போது, தன் பிள்ளைகளின் பெயரோடு மங்களாம்பிகையின் பெயரையும் சொல்வது கமருன்னிஸாவுக்கு வழக்கமாயிற்று.

லீவில் வந்த நெய்னா முகம்மது, பெட்டியை வைத்ததும் வயலைப் பார்க்கக் கிளம்பினார்.

"வயலு எங்கேயும் போயிராதுங்க," என்றாள் கமருன்னிஸா. "முதல்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

ஜித்தாவிலிருந்து வந்த பேரீச்சம்பழப் பெட்டிகளில் பெரியதாக ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.