பட்டாவில் இல்லாத பெயர்

முழங்கால் அளவு சேற்றில் நின்று, ஒரு கை நெற்பயிரைப் பிடுங்கி, வேரைக் கசக்கி மோந்து பார்க்கிறார் ஜெயசுதா. பச்சை மணம் வந்தால் உதட்டைப் பிதுக்குவார். அழுகல் வாடை வந்தால் செல்போனில் படம் பிடிப்பார். வயல்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம், பயிரு சொல்லட்டும்" என்பார்.

தியாகதுருகத்தை அடுத்த சிற்றூரில் கிராம உதவியாளர் வேலை. ஊரார் வாயில் தலையாரியம்மா. வயது நாற்பத்தாறு. புடவையைத் தூக்கிச் செருகி, மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. பையில் மூன்று பேனா. ஒன்றாவது எழுதும் என்ற நம்பிக்கை. கணக்கெடுப்பு முடியும்வரை யார் வீட்டிலும் காபி குடிப்பதில்லை. "அப்பறம் அவங்களுக்கு ஜாஸ்தி போட்டுட்டேன்னு பேசுவாங்க."

கார்த்திகையில் கல்வராயன் மலையில் கொட்டிய மழை ஆற்றில் இறங்கி, கதிர் வரும் நேரத்தில் ஐந்து நாள் வயலில் நின்றது. வெள்ள நிவாரணத்துக்காக வயல்வயலாக நடந்த ஜெயசுதா, ஓர் ஒன்றரை ஏக்கர் வந்ததும் தயங்கி நின்றார். பதினோரு வருடமாக அதில் பாடுபடுபவர் குத்தகைக்காரர் சுப்புராயன். பட்டாவோ கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் செழியன் பெயரில். அவர் எழுதிக் கொடுத்தால்தான் பணம் பயிர் வைத்தவருக்கு வரும். கேட்டுப் பாருங்கள் என்றதற்குச் சுப்புராயன் ஒப்பவில்லை.

"கேட்டா நெலத்த வாங்கிக்குவாரும்மா. பணம் போனா போவுது, மண்ணு இருக்கட்டும்."

ஜெயசுதா வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாமே பஸ் ஏறிப் போனார். செழியனிடம் முதலில் சொன்னதே, சுப்புராயன் தன்னை அனுப்பவில்லை என்பதுதான். நிவாரணப் பாரத்தில் சில கட்டங்கள் காலியாக இருக்கின்றன, அதற்காக வந்தேன் என்றார். எழுதிக் கொடுத்தால் நாளை நிலமே தன்னுடையது என்று சுப்புராயன் நிற்பாரோ என்று செழியனுக்குப் பயம். ஜெயசுதா வாதாடவில்லை, பாரத்தை விரித்துக்கொண்டார்.

"இன்னா ரகம் சார் நட்டீங்க? என்னிக்கு நடவு?"

செழியன் கடைப் பையனுக்கு ஏதோ வேலை சொன்னார். பிறகு தெரியாது என்றார்.

"தெரிஞ்சவரு பேரத்தான் சார் அந்தக் கட்டத்துல போடணும்."

இந்த வெள்ள நிவாரணத்துக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்து, ஜெயசுதாவே கடிதத்தை எழுதினார். செழியன் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது கூப்பிட்டு, அடுத்த போகமும் சுப்புராயனே நடட்டும் என்று சொல்லியனுப்பினார். அந்தச் செய்தியோடு ஊர் திரும்பியவர், பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சுப்புராயனைத் தேடிப் போனார்.

மாசியில் நிவாரணப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். எல்லாரும் முண்டியடித்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத சுப்புராயன் கடைசியில் நின்றார். ஜெயசுதா அவரை முன்னால் அழைத்துப் போனார்.

"எங்கம்மா இருக்குது?"

அவருடைய காய்த்துப்போன ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பதினான்காவது வரியில் வைத்தார் ஜெயசுதா. விரல் அங்கேயே இருந்தது. பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். ஜெயசுதா திரும்பி, இரு கைகளையும் விரித்து அவர்களைத் தடுத்து நின்றார்.