கழுவி வைத்த கிணறு

மத்திகிரியில் நான் வாடகைக்கு இருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிணறு; எங்களுக்குக் குடிதண்ணீரும் அதுதான். அதை ஒட்டி ரோஜாத் தோட்டம். இரண்டாயிரங்களின் நடுவில் ஒசூரைச் சுற்றி எங்கும் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மருந்தடிக்கும் டேங்குகளைத் தோட்டத்து ஆட்கள் கிணற்றடியிலேயே கழுவுவார்கள். மழை பெய்த மறுநாள் தண்ணீரில் ஒரு காரவாடை வரும்.

பக்கத்து வீட்டுப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தாள். முதல் கர்ப்பம் கலைந்திருந்தது. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் பஞ்சாயத்துக் குழாய் கேட்டு அலைந்தாள். தண்ணீர்ப் பரிசோதனையில் பூச்சிமருந்து தெரிந்தால்தான் எங்கள் வரிசைக்குக் குழாய் என்றார்கள். ஒருவழியாக, மாதிரி எடுக்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது.

அதிகாரி வருகிறார் என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் துடைப்பத்தைத் தேடுவார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது, தொழிற்சாலைக்கு லீவு போட்டிருந்த அவள் கணவன், மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்து, பாசியைச் சுரண்டிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தான். பிளீச்சிங் பவுடரும் கொட்டியாகிவிட்டது.

"வூட்டு அண்டாவக்கூட இப்பிடித் தேச்சதில்லண்ணா இவரு," என்றாள் அவள்.

"வர்றவங்க மூஞ்சி சுளிக்கக் கூடாதில்ல," என்றான் அவன்.

மறுநாள் காலை ஐஸ் பெட்டியோடு வந்தவர் கயிற்றில் பாத்திரத்தை இறக்கி, தண்ணீரை முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, பிளீச்சிங் வாசன தூக்குது?"

"நீங்க வரீங்கன்னு நேத்துதான் எறச்சிக் கழுவுனோம் சார்," என்றான் கணவன்.

"தேடி வந்ததயே எறச்சி ஊத்திட்டீங்களே. மழத் தண்ணி எறங்குன கெணறுதான் எனக்கு வேணும்."

"அப்ப மழைக்கப்பறம் வாங்க சார்," என்றாள் அவள்.

"மறுபடி எப்ப அனுப்புவாங்கன்னு எனக்கே தெரியாதும்மா."

அவள் கணவனைப் பார்க்கவில்லை. "எடுத்துக்குங்க. கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும்."

மிச்சம் இருக்கவில்லை. குடிக்க உகந்தது என்று முடிவு வந்தது.

"நல்ல தண்ணிய வெச்சிக்கிட்டுக் கொழா எதுக்கும்மா?" என்று பஞ்சாயத்தில் கேட்டார்களாம்.

அடுத்த மழைக்கு வாடை திரும்பியது. வளைகாப்புவரை காத்திருக்காமல், அவள் பர்கூரில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினாள்.

"சண்டையான்னு கேப்பாங்க. தண்ணின்னு சொன்னா யாரு நம்புவாங்கண்ணா?"

கணவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனான். திரும்பி வந்து, அதே கிணற்றில் ஒரு வாளி இறைத்து முகம் கழுவினான். பிறகு ஒரு செம்பு மொண்டு குடித்தான்.