ஈயக் கப்பலும் வாத்து மிதவையும்

பிள்ளைகளே, "நாளைக்குக் கப்பல் பார்க்கப் போலாம்" என்று நேற்று வீட்டில் சொன்னது நான்தான். அதனால் தப்பும் என்னுடையதுதான்.

ஈப்போ நகரிலிருந்து காரில் வந்து தஞ்சோங் துவாலாங் என்ற ஊரில் இறங்குகிறோம். எதிரே ஒரு குளம். அதில் பெரிய தகரக் கட்டடம் போல நிற்பது, மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்த பழைய இயந்திரம். எங்கள் தோட்டப்புறத்தில் அதை ஈயக் கப்பல் என்றுதான் சொல்வோம்.

என் மகள் யாழினிக்கு ஏழு வயது. இடுப்பில் காற்றடைத்த வாத்து மிதவையோடு நிற்கிறாள்.

"அப்பா, கடல் எங்க?"

அவள் உதடு துடிக்கிறது. என் மனைவி வேண்டுமென்றே வானத்தைப் பார்க்கிறாள்.

டிக்கெட் கொடுக்கும் அக்காவிடம் ஓடுகிறேன். "அக்கா, இது கப்பல்தான்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

அக்கா வாத்தைப் பார்க்கிறார். ஆனால் சிரிக்கவில்லை. "கப்பல்தான் பாப்பா. மத்த கப்பல் தண்ணியத் தேடிப் போகும். இது நின்ன எடத்துலயே மண்ணத் தோண்டி, கொளமாக்கி, அதுலயே மெதந்துச்சு லா."

"நெசமா மெதந்துச்சா?"

"நெசமா."

யாழினி வாத்தின் காற்றைத் தானே பிடுங்கி விடுகிறாள். எனக்கு மூச்சு வருகிறது.

படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "அடுத்து பத்து காஜா ஊர்க் கோட்டைக்குப் போறோமே, அங்க ராஜா இருப்பாருல்ல?"

அந்தக் கோட்டை ஒரு தோட்டத் துரை பாதி கட்டி விட்டுப்போன வீடு. நான் மறுபடியும் அக்காவிடம் ஓடுகிறேன், அங்கே டிக்கெட் கொடுப்பவரும் இவரைப் போல நல்லவரா என்று கேட்க.