உப்பு வேண்டாம் என்றவர்கள்

ஹெப்பாளில் எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்பவர் அவர். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். மெலிந்த உடம்பு, பப்பாளிச் சாறு காய்ந்த விரல்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் பழத்தின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிவிடுவார்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று, "உப்பு வேணாம்" என்றேன். தூவப் போன கை நின்றது.

"எப்பங்க சார் ஆச்சு?"

"போன மாசம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உப்பு வேணாங்கறவங்க எல்லாம் அப்படித்தானுங்க. தினம் தவறாம வருவாங்க. மூணு மாசம், நாலு மாசம். அப்புறம் காணாமப் போயிருவாங்க."

"எங்கே?"

"கொஞ்சப் பேரு எதுத்தாப்பல போண்டாக் கடையில நிப்பாங்க. மத்தவங்க எங்கன்னு நான் யாரையும் கேக்கறதில்லீங்க."

நான் அப்படி இல்லை என்று காட்டவே மூன்று மாதம் கொய்யாவும் பப்பாளியும் தின்றேன், விடிகாலையில் நடந்தேன். பிறகு ஒரு மழை நாளில் போண்டா வாசம் இழுத்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் வண்டிப் பக்கமே போகவில்லை.

ஒரு சாயங்காலம் கத்தியைக் கையில் வைத்தபடியே பஸ் வரிசையில் முகம் முகமாக யாரையோ தேடிக்கொண்டிருந்தார். பார்வை சாலையைத் தாண்டி என்மேல் விழுந்தது. முறைக்கப்போகிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் மலர்ந்து கையை உயர்த்தினார். நான் போண்டாக் கடையில்தான் இருக்கிறேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

எண்ணெய் வடியும் போண்டாவோடு நானும் கையை உயர்த்தினேன்.